எமெரிதா வெட்டிய சேவல்

லெய்தே தீவின் அந்தக் கடற்கரைக் குப்பத்தில் எமெரிதாவின் தொண்டைக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை. இருந்தாலும் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். தடுப்பூசியோ, தண்ணீர் நிறுத்தமோ, தெருத் தெருவாகக் கத்திச் சொல்வது அவள் வேலை.

அந்தப் பெரும்புயலுக்கு முதல் நாள் ரேடியோவில் வந்ததை அப்படியே கத்தினாள். "ஸ்டார்ம் சர்ஜ் வருது! எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க!"

"அப்படின்னா என்னடி?" என்றான் புருஷன் தசியோ, கூரைத் தகரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன? தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. "காத்துதான். கொஞ்சம் பலமா அடிக்குமாம்."

"காத்துக்கா பயப்படறது? நீ பிள்ளையைக் கூட்டிட்டுப் போ. பன்னியை எவனாவது அவுத்துட்டுப் போயிடுவான்."

புயல் என்றால் பெண்டுபிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, ஆம்பிளைகள் வீட்டுக்குக் காவல். அந்த ஊர் வழக்கமே அதுதான்.

விடிந்ததும் கடல் எழுந்து கறுப்புச் சுவர் மாதிரி உள்ளே வந்தது. பறந்த தகரங்கள் கழுத்துகளை அறுத்தன. கப்பல் ஒன்று வீடுகளை நசுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. ஸ்டார்ம் சர்ஜ் என்றால் புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல் என்று அன்றைக்குத்தான் ஊருக்கு அர்த்தம் தெரிந்தது. புரண்டு கிடந்த லாரிக்கு அடியிலிருந்து தசியோவின் பிணத்தை இழுத்தபோது அவன் கையில் பன்றிக் கயிறு சுற்றியிருந்தது.

"சுனாமின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்போமே, பாவிகளா!" என்று ஊர் மண்ணை வாரித் தூற்றியது. எமெரிதா தன் வாயிலேயே அறைந்துகொண்டாள், ரத்தம் வரும்வரை.

அப்புறம் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. "கடல் வீட்டுக்குள்ள வரும், உன்னைக் கொல்லும், கெளம்பு!" என்பாள். கிளம்பாதவன் கதவை உதைப்பாள், முடியைப் பிடித்து இழுப்பாள். பிசாசு என்று பேரெடுத்தாள். எடுத்தால் என்ன?

போன வருஷம் மறுபடி எச்சரிக்கை வந்தது. ஊரே காலி. இதற்குள் வாலிபனாகிவிட்ட அவள் மகன் ரெனாந்தே மட்டும் முட்டை ஊட்டி வளர்த்த சண்டைச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். மேட்டிலிருந்த முகாமில் கோழி, பன்றியைச் சேர்க்க மாட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை இதுக்குப் பந்தயம்மா. விட்டுட்டு வந்தா திருடிடுவாங்க. நீ போ."

"உங்கப்பனும் இதேதாண்டா சொன்னான்!"

"அவருக்கு நீ சரியாச் சொல்லலையே."

சுருக்கென்று தைத்தது. எமெரிதா உள்ளே போய் அரிவாளோடு வந்தாள். சேவலைப் பிடுங்கிப் படியில் வைத்து ஒரே வெட்டு. தலையில்லாத சேவல் வாசலெல்லாம் ரத்தம் தெளித்து ஓடியது.

"இப்ப எதுக்குடா காவல்?"

பெற்றவள் என்றும் பாராமல் ரெனாந்தே அறைந்தான். விழுந்தவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் அடி. மேட்டுக்கு வந்து அடி!"

அவன் அழுதுகொண்டே கூட வந்தான்.

அன்று கடல் வரவில்லை. புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஒரு தகரம்கூட அசைந்திருக்கவில்லை.

இன்றுவரை அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடித்துவிட்டு வந்தால் நடுத்தெருவில் நின்று, "கொலைகாரி! என் சேவலைக் கொன்ன ராட்சசி!" என்று கத்துகிறான்.

"ஜன்னலைச் சாத்துக்கா, காது கூசுது" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எதுக்குடி?" என்று எமெரிதா ஜன்னலை விரியத் திறந்து வைத்து, மகன் திட்டுவதைக் காது குளிரக் கேட்கிறாள்.