செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த பாடம்

காலை ஏழு நாற்பது. மேற்குத் தாம்பரத்தில் அந்த நர்சிங் ஹோம் வாசலில் முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். எண்ணினேன்: முப்பத்தொரு ஜோடி. மேலே, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று பெயின்ட்டில் எழுதிய பலகை. வியாழக்கிழமை, சர்க்கரை நோயாளிகளுக்கான நாள்.

அக்காவின் கணவரை அழைத்துப் போயிருந்தேன். மாடம்பாக்கத்தில் பள்ளி ஆசிரியர். பாதங்கள் இரண்டிலும் உணர்ச்சி போயிருந்தது. போன வருஷம் வலது காலில் வந்த புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று இந்த நர்சிங் ஹோம் டாக்டரே சொல்லி, மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் மாமா வாசலில் நின்றார்.

“டாக்டர்தாம்மா இத எப்பவும் போட்டுக்கச் சொன்னாரு.”

“எல்லாருக்குந்தான் சொல்லிகினு கீறாரு,” என்றாள் வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா. “உள்ள புது மொசைக்குத் தரை. வுட்டுட்டு வா சார்.”

மாமா கழற்றினார். நானும் கழற்றினேன்.

ஹாலில் பெரிய கலர் டி.வி. கீழே இருந்த வி.சி.ஆரில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கோட்டு போட்ட ஒருவர் திரையில் தோன்றி, மேடைத் தமிழில் பாதப் பராமரிப்பைப் பற்றி விளக்கினார். வீட்டுக்குள்கூட வெறுங்காலுடன் நடவாதீர்கள் என்றார். எங்களையும் சேர்த்து முப்பத்து மூன்று பேர் வெறுங்காலுடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. டோக்கன் எண் கூப்பிடும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்தார்கள். புண் வந்தால் என்ன செய்வது என்ற பகுதி காதில் விழாமலே போனது.

படம் முடிந்ததும் பரீட்சை. மேசைக்கு முன்னால் வரிசை. நர்ஸ் கேட்டார்:

“வெறுங்கால்ல நடக்கலாமா சார்?”

“கூடாது.”

“வீட்டுக்குள்ள?”

“அங்கயும் கூடாது.”

“வெரி குட். வாத்தியார் இல்ல!”

‘பாடம் கற்றார்’ என்று முத்திரை குத்திய சீட்டை ஃபைலில் வைத்து ஸ்டேப்ளரால் அடித்தார். சரியாக விழாத பின்கள் மேசையடியில் சிதறிக் கிடந்தன. அவற்றின் மேல்தான் வரிசை நகர்ந்தது.

டாக்டரிடம் செருப்பைப் பற்றிச் சொன்னேன்.

“ஹைஜீன் சார். விட்டா ஜி.எஸ்.டி. ரோடு மண்ணையே உள்ள கொண்டாந்துடுவாங்க.”

“அப்ப அந்த வீடியோ?”

“அது பேஷன்ட் எஜுகேஷன். தாம்பரத்துலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு.” குரலில் அவ்வளவு பெருமை. நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், தன்னை டி.வி. பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துப் போட முடியுமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா மாமாவின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். தினமும் பார்க்கச் சொன்னது அந்த வீடியோதான். அதன் நன்மைக் கணக்கில் இதை எழுதிவிடுகிறேன். வலது காலில், நான்காவது விரலுக்கு அடியில் ஒரு ஸ்டேப்ளர் பின் முழுசாக இறங்கியிருந்தது. அதனோடு பஸ் ஏறி, பள்ளிக்குப் போய், ஆறு பீரியட் நின்று பாடம் நடத்தியிருக்கிறார்.

“வலிக்கலியா?” என்றாள் அக்கா.

“வலிச்சா சொல்ல மாட்டேனா?”

அக்கா சுற்றிவிட்ட துணிக் கட்டோடு மறுநாள் மருந்து போடப் போனோம். வாசலில் அதே ஆயா.

“கால்ல காயம்மா. எப்படிக் கழட்டறது?” என்றேன்.

“அதான் கட்டு கீதே, அப்பறம் இன்னா சார்?”

நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிற மாமா, அந்த வாசலில் குனிந்து வாரை அவிழ்த்தார். பிறகு ஒரு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், கட்டோடு அந்த மொசைக்கில் நடந்தார். உள்ளே காத்திருந்த ஒவ்வொரு தடவையும் படம் ஓடியது. அவருக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

பதினோராம் நாள் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.