கிளைவ் வாங்கிய வெயில்

காலை உணவு முடிந்த கையோடு கிளெனிஸ் படுக்கை விரிப்புகளைக் குளியல் தொட்டியில் முக்கிப் பிழிந்து கண்ணாடிச் சன்னல்களின் மேல் தொங்கவிடத் தொடங்கிவிடுவாள். ஜூலை பிறந்தால் இது அவளுடைய அன்றாட வேலை. மதியத்துக்குள் அவை அப்பளம்போல் காய்ந்துவிடும். மறுபடி முக்குவாள். அவள் கணவன் கிளைவ் டாட்டர்சால் அந்த நேரம் வெளியே பிளாஸ்டிக் கட்டிலில் மல்லாந்து கிடப்பான். மேல்சட்டை கிடையாது. வேகவைத்த நண்டின் நிறம்.

எனக்கு மூன்று வீடு தள்ளி அவர்கள். ஸ்பெயினில், அலிகாந்தே கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பாதாம் தோட்டங்களுக்கு நடுவிலிருக்கும் இந்த ஊருக்கு நான் வந்து காலம் ஆகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து வீடு வாங்க வருகிற எங்கள் ஆட்களை அத்தனை காலமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிப்ரவரியில்தான் வருவார்கள். இங்கே பாதாம் பூத்திருக்கும், அங்கே சேறும் மழையும். தரகர் ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்பார், கூடவே ஒரு புட்டி ஒயின். மறுநாள் வீட்டை வாங்கிவிடுவார்கள். செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்.

கிளைவ் இங்கிலாந்தின் ராச்டேலில் குளியலறை ஓடு விற்றவன். சன்னலே இல்லாத கடையில், குழல் விளக்குக்குக் கீழே, வாழ்நாளில் பாதியைக் கழித்தவன். வெயில் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. அதற்காகப் பெண்டாட்டியை அடுப்புக்குள் வைக்க வேண்டியதில்லை.

அந்த வீட்டைக் கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை. தெற்குப் பக்கம் முழுக்க ஒரு மல்பெரி மரம் குடை பிடித்திருந்தது. சன்னலுக்குச் சன்னல், வாரை இழுத்தால் சுருண்டு ஏறும் மரத்தட்டி. இந்த ஊரில் கோடைக் காலையில் தட்டியை இறக்கினால் சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகுதான் ஏற்றுவார்கள். பகல் பூராவும் வீடு நனைந்த மண்பானை மாதிரி இருக்கும்.

வந்த முதல் வசந்தத்திலேயே கிளைவ் மரத்தை வெட்டினான். பழம் விழுந்து தரை கறையாகிறதாம். ரம்பச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு விசென்டா மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவள் பேச்சை நான்தான் அவனுக்கு மொழிபெயர்த்தேன்.

"மரத்தை விட்டுடச் சொல்லும்மா. ஆகஸ்ட்ல அதுதான் அவங்களுக்குக் கூரை."

"நிழல் வேணும்னா நான் ராச்டேல்லயே இருந்திருப்பேனே," என்றான் கிளைவ். "அங்க வருஷம் பூரா நிழல்தான்."

அடுத்து மரத்தட்டிகளைப் பெயர்த்துக் குப்பைத் தொட்டியோரம் சாய்த்தான். சன்னல்களை இடித்து, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டான். விசென்டா தட்டிகளில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் கோழிக்கூண்டுக்கு மாட்டினாள். கோழிகள் சௌகரியமாக இருக்கின்றன.

குளிர்சாதனம் வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். அதற்குக் கதவைச் சாத்த வேண்டுமாம். வெளிக்காற்றுக்காக வந்தவனாம் அவன்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை விருந்து வேறு. ஊரே தக்காளியும் தர்ப்பூசணியும் தின்றுகொண்டிருக்கும் ஆகஸ்டில், கிளைவ் வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி வேக வேண்டும், உருளைக்கிழங்கு மொறுமொறுக்க வேண்டும். போன ஞாயிறு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, அடுப்புக் கதவைத் திறந்த கிளெனிஸ் அப்படியே மடங்கி விழுந்தாள். உள்ளே வந்த கிளைவ் முதலில் அடுப்பை அணைத்தான். அப்புறம்தான் அவள் பக்கம் குனிந்தான்.

"இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. "இன்னொரு தடவை இப்படி ஆனா எழுந்திருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டை முதல்ல இருட்டாக்குங்க."

அதையும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். வண்டியில் திரும்பும்போது அவன் பேசியது ஒன்றுதான். "அந்த டாக்டர் சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவனைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்யாத கிளெனிஸ், மறுநாள், மரத்தட்டி போடுகிற செலெஸ்டினோவுக்கு என்னைப் போன் செய்யச் சொன்னாள். அவர் வந்து படுக்கையறைச் சன்னலை அளந்துகொண்டிருந்தபோது, மார்பில் எண்ணெய் பளபளக்க, துண்டும் கையுமாக கிளைவ் உள்ளே வந்தான்.

"யாரு இவன்?"

"தட்டி போடறவர்," என்றாள் கிளெனிஸ்.

அவன் என் பக்கம் திரும்பினான். "வேண்டாம்னு சொல்லு இவன்கிட்ட."

"உன் வீடு. உன் வாயால சொல்லு," என்றேன். அவனுக்கு ஸ்பானிஷ் மொழியில் பீர் கேட்க மட்டும்தான் தெரியும்.

கிளைவ் குரலைத் தணித்துக்கொண்டான். "இங்க பாரு கண்ணு, சனிக்கிழமை எங்கண்ணன் வர்றான். இந்தக் கண்ணாடியைப் பத்தி அவன்கிட்ட எவ்வளவு சொல்லி வெச்சிருக்கேன். வந்து குகைக்குள்ளயா உட்காருவான்?"

"எல்லா அறைக்கும் கேக்கலையே. இது ஒண்ணுக்குத்தான்."

"வெளியிலேருந்து பார்த்தா ஒரு கண்ணு பொட்டையான மாதிரி இருக்கும்."

செலெஸ்டினோ அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். கிளெனிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை.

"டாக்டர் சொன்னப்ப நீயும்தானே இருந்தே, கிளைவ். இந்த அறையில நான் செத்துப்போனா உனக்குப் பரவாயில்லையா?"

செலெஸ்டினோவின் விரல்தடம் கண்ணாடியில் பதிந்திருந்தது. கிளைவ் அந்த இடத்தைத் துண்டால் துடைத்தான். வாயால் ஊதி இன்னொரு தடவை துடைத்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்குப் போய்விட்டான்.