பிரஸ்ஸல்ஸ் தலையில் போட்ட பழி

ஐரோப்பிய ஒன்றியத்தைத் திட்டாத விவசாயி எங்கள் பக்கம் கிடையாது. மழை பெய்தாலும் திட்டுவோம், பெய்யாவிட்டாலும் திட்டுவோம். மானியம் வங்கியில் விழுகிற அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்போம். ஆனால் பெலாகியா அக்காவின் திட்டு வேறு ரகம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் படி இறங்கியதும் ஒன்றியத்தின் தலைமையிடம் இருக்கிற மேற்கே திரும்பி, "பிரஸ்ஸல்ஸ்காரன் நாசமாப் போக" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தலைத்துணியை இறுக்கிக் கட்டுவார். பத்து வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பக்கத்தில் நின்று "ஆமாக்கா, அநியாயம்தான்" என்று ஒத்து ஊதியவன் நான். அவருடைய மாடுகள் போனதற்குக் காரணமும் நான்தான்.

என் பெயர் வாலென்ட்டி. ஒன்றியத்தின் கிழக்கு எல்லையோரம் உள்ள போட்லாசியேயில் முப்பது வீடுள்ள வெஷ்போவா எங்கள் ஊர். என் வீட்டை ஒட்டி அவர் வீடு. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். காட்டில் மரம் வெட்டப் போன புருஷன் மேல் மரமே சாய்ந்து அவர் செத்தபோது அக்காவுக்கு நாற்பது, மகள் வியோலெட்டாவுக்கு ஆறு. இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஊரே நச்சரித்தது.

"ரெண்டு மாடு இருக்கு, ரெண்டு கை இருக்கு. மூணாவதா ஒரு குடிகாரன் எதுக்கு?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டார்.

அந்த இரண்டு மாட்டை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தார், கூரைக்குத் தகடு மாற்றினார், புருஷன் கல்லறைக்குக் கருங்கல் போட்டார். யாரிடமும் கை நீட்டியது கிடையாது. கை நீட்டாத அந்தத் திமிருக்காகவே ஊரில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேருக்குப் பயம்.

பால் சொசைட்டியில் பால் அளக்கிற கிளெமென்ஸுக்கும் அவருக்கும் ஒருநாள் வாய்த்தகராறு. லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் கிளெமென்ஸ் சத்தமாகச் சொன்னான்.

"பெலாகியா, இன்னைக்குப் பாலோட உங்க கிணறும் சேந்து வந்திருக்கே!"

அக்கா கேனைத் தூக்கி மொத்தப் பாலையும் அவன் பூட்ஸுக்குள் ஊற்றினார். "கிணத்துத் தண்ணியாச்சே, கால் கழுவிக்க. இனி உன் நோட்டுல என் பேரு இருந்தா என் கையை வெட்டிப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வெறும் கேனோடு வீட்டுக்கு நடந்தார்.

பால் நல்ல பால்தான். லாக்டோமீட்டரில்தான் கோளாறு என்று கிளெமென்ஸ் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டான். அக்காவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் பால் என் கேனில் சேர்ந்தது. காலையில் டிராக்டரை அவர் வாசலில் நிறுத்துவேன், ஊற்றிவிட்டுப் போவார். சொசைட்டிப் புத்தகத்தில் எல்லாம் என் பெயரில், என் எண்ணில். மாதம் பத்தாம் தேதி பணம் வந்ததும் அவர் பங்கை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதர் வீட்டுச் சமையற்காரியின் பாலே இன்னொருவர் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் இப்படி ஓடியது. அதில் ஒரு பைசா நான் ஏமாற்றியதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் இப்போதும் எனக்கு ஒரு அற்ப ஆறுதல் இருக்கிறது.

ஒன்றியத்தில் சேரலாமா வேண்டாமா என்று நாடு முழுக்க ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஒரு கட்சிக்காரர் எங்கள் ஊருக்கு வந்து டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்று முழங்கினார். "பிரஸ்ஸல்ஸ்காரன் உங்க மாட்டுக் கொட்டகைக்குள்ளயே கையை விடுவான்!"

"முதல்ல உன் கை எங்க இருக்குன்னு காட்டுப்பா!" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தது பெலாகியா அக்காதான். அந்த ஆள் கோட்டுப் பையிலிருந்து அவசரமாகக் கையை எடுத்தார். ஊரே சிரித்தது. அக்கா சேரலாம் என்றே ஓட்டுப் போட்டார்.

சேர்ந்தோம். கூடவே கோட்டா வந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு இத்தனை லிட்டர் பால்தான் விற்கலாம், மீறினால் அபராதம். யாருக்கு எவ்வளவு என்பதற்கு முந்தின ஒரு வருஷத்து சொசைட்டிப் புத்தகம்தான் சாட்சி. புத்தகத்தில் பெயர் இல்லாதவருக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

கிளெமென்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "உன் கணக்குல பெலாகியா பாலும் இருக்கு. ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டா பிரிச்சு எழுதிடலாம். மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. என் மூஞ்சில அவ முழிக்க மாட்டா, நீயே சொல்லிக் கூட்டிட்டு வா."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன், அது பொய்யில்லை. ஆனால் அந்த வாரம்தான் புதுக் கொட்டகைக்குக் கடன் கேட்டிருந்தேன். கோட்டா எவ்வளவோ அதற்குத் தக்கபடிதான் கடன் என்றார்கள். அக்காவின் ஏழாயிரம் லிட்டர் சேர்ந்தால் கொட்டகை, சேராவிட்டால் பழைய தொழுவம். தினம் காலையில் அவர் வாசலில் டிராக்டரை நிறுத்தினேன். அவர் பாலை ஊற்றினார். நாளைக்குச் சொல்லலாம் என்று நகர்ந்தேன். மாதம் முடிந்தது.

நகரத்து அலுவலகத்தில் இருந்த பெண் தாளை என் பக்கம் திருப்பி, "இதுல இருக்கறது முழுக்க உங்க மாட்டுப் பால்தானே?" என்று கேட்டாள். அவளுக்கு அது நூறு பேரிடம் கேட்கிற கேள்வி.

"ஆமாம்" என்றேன்.

என் மனைவி ரெஜினா பக்கத்தில்தான் நின்றாள். வீடு திரும்பும் வழியில் கேட்டாள்.

"பெலாகியாவுக்கு என்ன சொல்லப் போற?"

"இப்போ என்ன ஆகிப்போச்சு? அவங்க பாலை நாமதானே கொண்டு போறோம். கொண்டு போயிட்டே இருப்போம்."

"மாடு ரெண்டு கூட வாங்கினா?"

"அப்போ பாத்துக்கலாம்."

அந்த 'அப்போ'வும் வந்தது. புதுக் கொட்டகையை நிரப்பப் புது மாடுகள் வாங்கினேன். அடுத்த வசந்தத்தில் கோட்டா வரம்பு முட்டியது. அக்கா வாசலில் டிராக்டரை நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொன்னேன்.

"அக்கா, இனிமே உங்க பால எடுக்க முடியாது. கோட்டா நெறஞ்சிருச்சு. பிரஸ்ஸல்ஸ்காரன் விடமாட்டேங்கறான்."

"எனக்கும் ஒரு கோட்டா குடுத்திருப்பானே?"

"உங்க பேரு புத்தகத்துல இல்லக்கா."

கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைத்தார். "அந்த ஆளு அன்னைக்கே சொன்னான், கொட்டகைக்குள்ள கையை விடுவான்னு. நான்தான் சிரிச்சேன்" என்றார்.

இல்லை அக்கா, அது என் கை என்று அப்போது சொல்லியிருக்கலாம். டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

ஒரு மாடு வியாபாரியோடு கசாப்புக்குப் போனது. மலினா என்ற இன்னொன்றை நானே வாங்கினேன், சந்தை விலைக்கு மேலேயே கொடுத்து. பாவத்துக்குக் கொடுத்த சில்லறை அது. இலையுதிர்காலத்தில் வியோலெட்டா வேலை தேடிக் கிளம்பினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் போகிற ஊருக்கே அவளும் போனாள், வீடு துடைக்க. பிரஸ்ஸல்ஸ்தான். "என் மாட்டையும் முழுங்கினான், என் பொண்ணையும் முழுங்கினான்" என்றார் அக்கா. அந்த ஊர் மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்தால் செய்ததுதான், கிளெமென்ஸைக் கேளுங்கள்.

வியோலெட்டாவுக்கு அங்கேயே கல்யாணமாகி ஆமெலியா பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு பஸ் டிக்கெட் அனுப்பினாள். அக்கா கிழித்து அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு வியோலெட்டா ஊருக்கு வந்ததே இரண்டு கோடைதான். குழந்தை பாட்டியைப் பார்த்து அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தேர்தல் வந்தபோதெல்லாம் அக்கா, அன்றைக்கு டிரெய்லர் மேல் நின்று கத்திய அந்த ஆளின் கட்சிக்கே ஓட்டுப் போட்டார். நாட்டில் அந்தக் கட்சிக்கு ஏன் இத்தனை ஓட்டு என்று தொலைக்காட்சியில் மணிக்கணக்காக அலசுவார்கள். ஒரு ஓட்டுக்காவது எனக்குக் காரணம் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை மாடுகளுக்கும் ஒரு துண்டு அப்பம் கொடுப்பது எங்கள் வழக்கம், மனிதர்களுக்கு வெள்ளை, மாடுகளுக்கு ரோஜா நிறம். மாடே இல்லாத அக்கா ஒவ்வொரு வருஷமும் ரோஜா நிற அப்பத்தோடு என் கொட்டகைக்கு வந்துவிடுவார். மலினாவுக்கு ஊட்டிவிட்டு, வெள்ளை அப்பத்தை என் பக்கம் நீட்டுவார். ஆளுக்கு ஒரு விள்ளல் எடுத்து, ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

"இந்த வருஷம் என் வாயால உன்னை நோகடிச்சிருந்தா மன்னிச்சுக்க, வாலென்ட்டி."

"நீங்களும் என்னை மன்னிக்கணும்க்கா."

"உன்னை எதுக்குடா? என் மாட்டைக் கத்திக்குப் போகாமக் காப்பாத்துனவன் நீ."

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். குடித்தது, பொய் சொன்னது, வைக்கோலில் கல் வைத்து விற்றது வரை பாதரிடம் ஒப்பிப்பேன். இதை மட்டும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுந்து வருவேன். திருப்பிக் கொடு என்று சொல்லிவிடுவாரே என்ற பயம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடம் கதகதப்பாக, தகடு வேய்ந்து, பதினாறு மாடுகளோடு இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஏப்ரலில் கோட்டாவை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. கோலை ஊன்றிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

"ரேடியோல கேட்டியா? கோட்டாவைத் தூக்கிட்டானாம்!"

"கேட்டேன்க்கா."

"பத்து வருஷம் திட்டுனது வீண் போகல பாத்தியா. அவனுக்கே வெக்கமாப் போச்சு. எனக்கு ஒரு கன்னு குடு."

"முழங்கால வெச்சுக்கிட்டு எப்படிக்கா கறப்பீங்க? சொசைட்டியும் இப்போ ஒத்தை மாட்டுப் பாலை எடுக்கறதில்ல. குளிர்தொட்டி இருக்கற வீட்டுக்குத்தான் லாரி வருது."

"உன்கிட்ட தொட்டி இருக்குல்ல? முன்ன மாதிரி அதுல ஊத்திட்டுப் போறேன். உன் பேருலயே போகட்டும். நமக்குள்ள என்ன?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கிளெமென்ஸ் கூப்பிட்டுச் சொன்னது, கடன், அலுவலகத்துப் பெண் கேட்டது, நான் ஆமாம் என்றது, எதையும் விடவில்லை.

"எத்தனை நாள் டைம் இருந்துச்சு?"

"பதினெட்டு நாள்க்கா."

"பதினெட்டு நாளும் என் வாசல்ல வண்டிய நிறுத்துன."

"ஆமாக்கா."

கோல் என் முதுகில் விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. அவர் டிரெய்லரின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"மாட்டை விடு. மாடு எப்படியும் ஒருநாள் சாகறதுதான். அந்தக் குழந்தைக்கு எட்டு வயசாச்சுடா. நான் தூக்கவே இல்லை."

பிறகு பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். "வியோலெட்டாவுக்குப் போடு. எனக்கு பட்டன் தெரியல. சத்தமா வை."

நானே போனைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா? என்னாச்சு, யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகலடி. ஆமெலியாவுக்குக் கோயில்ல முதல் நன்மை அப்பம் குடுக்கறது என்னைக்கு?"

"மே மாசம். ஏன்?"

"நான் வரேன்."

"எங்க வர்ற?"

"வேற எங்க? அந்த ஊருக்குத்தான்."

வியோலெட்டாவின் குரல் உடைந்தது. "எட்டு வருஷமாக் கெஞ்சறேன்மா. டிக்கெட்டைக் கிழிச்ச. எம் பொண்ணு பாட்டிக்கு என்னைப் புடிக்காதான்னு கேக்கறா. இப்போ திடீர்னு வரேங்கற. என்ன காரணம், சொல்லு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு காரணமும் இல்லடி. உங்கம்மாவுக்கு வீம்பு. எல்லாம் என் தப்புதான்."

போன் என் கையில்தான் இருந்தது. இல்லை வியோலெட்டா, தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பத்து வருஷம் பிரஸ்ஸல்ஸ் சுமந்ததை, என் கண் முன்னால் அந்தக் கிழவி தன் தலையில் ஏற்றிக்கொண்டார். நான் போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் வியோலெட்டா அழுதுகொண்டிருந்தாள்.

பேசி முடிந்ததும் போனை வாங்கிப் பையில் போட்டார்.

"உனக்காகச் சொல்லல. சொன்னா அவ பஸ் ஏறி வந்து உன் கதவை ஒடைப்பா. எனக்கு முழங்கால் போச்சு. விறகு பொளக்கப் பக்கத்து வீட்ல ஒரு ஆள் வேணும்."

"சரிக்கா."

"போ. போய்ப் பொள."

போனேன். அவர் வீட்டுப் பின்புறம் அடுக்கியிருந்ததை எல்லாம் இருட்டும் வரை பிளந்தேன். அவர் ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று சொல்லவில்லை.