கத்தாத கார்

எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரை புதுக் கார் வாங்கினார். நான்தான் டிரைவர். முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் மாட்டாவிட்டால் அது விடாமல் கத்தும். பாரம் அறியச் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச், பெல்ட்டின் பூட்டுக்குள் இன்னொன்று. பெல்ட்டின் இரும்பு நாக்கு பூட்டுக்குள் இறங்கினால் போதும், சத்தம் நின்றுவிடும். பெல்ட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது.

"நான் தொரை. என்னக் கட்டிப்போட இது யாரு?" என்றார் துரை. பெல்ட்டை அவர் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பூட்டிவிட்டேன். கார் அடங்கியது.

அந்த மாதம் தேயிலை ஃபெக்டரியில் தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரில் மருந்துப் பெட்டி தொங்கியது. உள்ளே பஞ்சுகூடக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவர் திறக்கவே இல்லை. "பெட்டி இருக்கு" என்று எழுதிக்கொண்டார். மெஷினில் விரல் நசுங்கிய தொழிலாளி ஒருவர், கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

இன்ஸ்பெக்டரை ஹட்டன் ரயில்வே ஸ்டேஷனில் விட நான் போனேன். முன் சீட்டில், பூட்டியே கிடந்த பெல்ட்டின் மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நல்ல கார். சத்தமே இல்ல" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

கார், இன்ஸ்பெக்டர், நான். கத்த வேண்டிய மூன்று பேரும் கத்தாமலே ஹட்டன் போய்ச் சேர்ந்தோம்.