நாகல் நகரில் முறிந்த போல்ட்டும் பழனி தரிசனமும்

திருச்சியிலிருந்து பழனிக்குச் சொந்தக் காரில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் போனது ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். வேலை கிடைத்தால் முருகனைப் பார்க்க வருவதாக என் நாத்தனார் மலருக்கு வேண்டுதல். வேலையும் கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அன்று லீவு இல்லை. ‘நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்’ என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! எனக்கு வேலை துறையூருக்கு மாற்றலாகி, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறேன். கார் வாசலில் சும்மா வெயில் காய்கிறது. அதில் போகிறேன் என்றால், ‘ஊருக்குள்ள ஓட்டு, ஹைவேயெல்லாம் உனக்குச் சரிப்படாது’ என்பது அவர் கட்சி. வீம்பில் நானும் சொல்லிவிட்டேன்: ‘வழியில வண்டி மக்கர் பண்ணி உங்களுக்கு ஒரு போன் பண்ணினேன்னா, அப்புறம் சாவியையே தொடமாட்டேன்.’ என் வாய்தான் எனக்கு எதிரி.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். மணப்பாறையில் டிபன், நூறு ரூபாய்க்கு முறுக்கு. திண்டுக்கல் வரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ரோடு நன்றாகவே இருக்கிறது. வடமதுரை தாண்டியதும் வண்டிக்கு விக்கல் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் ஏறாமல் உலுக்குகிறது, என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது. ‘அண்ணி, அண்ணனுக்குப் போன் போடுவோமா?’ என்றாள் மலர். ‘போட்டுத்தான் பாரேன்!’ என்று ஒரு அதட்டல் போட்டேன். மீதித் தூரத்தை முப்பது வேகத்தில் உருட்டி, ஆள் ஆளாய் விசாரித்து, திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி ஒன்பதரை.

கடைக்காரர் ஜமால் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது சிலிண்டர் காயிலில் கோளாறு என்றார். காயில்தான் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சாமான். அதைப் பிடித்திருப்பது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரே ஒரு போல்ட். அது துருவேறிக் கிடந்தது. பாய் ஸ்பேனரைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பினார். ‘டிக்!’ தலை மட்டும் கையோடு வந்துவிட்டது, உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டரில் மாட்டிப் பார்த்தார். கோளாறும் கூடவே அங்கே போனது. காயில் காலி என்பது உறுதி.

‘புதுக் காயில் செத்த நேரத்துல வந்துரும்மா. ஆனா பிடிக்க போல்ட்டு இல்லையே? இப்போதைக்கு டேக்கு போட்டு இறுக்கித் தாரேன், பைய ஓட்டிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி என்ஜின் கவரைக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும், நாளைக்குத்தான் ஆகும். எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.’

‘எந்த சார்?’

‘உங்க வீட்டு சாரைத்தான்.’

வந்ததே கோபம் எனக்கு! ‘வண்டி ஓட்டுறது நான், காசு குடுக்கிறது நான். என்கிட்டயே கேளுங்க பாய்.’

டேக்கு என்கிற பிளாஸ்டிக் பட்டையில் கட்டினால் ஓடுகிற ஆட்டத்தில் காயில் எழும்பிவிடும். நடுவழியில் மறுபடி நின்றால் யாரைக் கூப்பிடுவது? ‘டேக்கு வேண்டாம், துண்டை எடுத்துப் பாருங்க’ என்றேன். முறிந்த துண்டு ஒரு நெல்மணி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாய் எண்ணெய் அடித்து கிரிப் பிளேயரால் பிடித்தார், வழுக்கியது. ‘அது மேல ஒரு நட்டை வெச்சு வெல்டிங் பண்ணித் திருகினா வராதா பாய்?’ என்று கேட்டேன். ஏதோ வீடியோவில் பார்த்ததுதான்.

‘எனக்குத் தெரியாதாம்மா? வெல்டிங் கரண்ட்டுல என்ஜின் கம்ப்யூட்டரு போச்சுன்னா இம்புட்டுப் பெரிய வண்டிக்கு யாரு பதில் சொல்றது? அதுக்குத்தான் சாரைக் கேட்டேன்.’

‘பேட்டரியைக் கழட்டிருங்க. அப்பவும் போச்சுன்னா என் பொறுப்பு. உங்களை ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்.’

பாய் பேட்டரி வயரைக் கழற்றினார். பிளக் குழியைத் துணியால் அடைத்துவிட்டு, பக்கத்துக் கடை வெல்டிங்காரரைக் கூட்டிவந்தார். முதலில் வைத்த நட்டு தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. ‘போதும்மா’ என்றார் பாய். ‘இன்னொண்ணு வைங்க’ என்றேன். இரண்டாவதைச் சூடு ஆறுமுன்னே அரைக்கால் திருப்பு முன்னே, அரைக்கால் திருப்பு பின்னே என்று அசைத்தார். ‘கீச்’ என்றது. துண்டு அசைந்து, திருகத் திருக வெளியே வந்துவிட்டது! நான் போட்ட கூச்சலில் டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது என் வீட்டுக்காரர்! மலரைத் திரும்பிப் பார்த்தேன். ‘டீ வாங்கப் போனப்ப போன் போட்டுட்டேன் அண்ணி. பயமா இருந்துச்சு.’ அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறார் மனுஷன். பட்ட பாடெல்லாம் வீணா என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

‘என்னாச்சு பாய்?’ என்று நேரே பாயிடம்தான் போனார்.

‘அம்மாகிட்ட கேளுங்க சார். இங்க முடிவெல்லாம் அவங்கதான்’ என்று சொல்லிவிட்டு, பாய் புது போல்ட்டைத் திருகப் போய்விட்டார்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு கையை நீட்டினார். ‘சரி, சாவியைக் குடு. நீ களைச்சுப்போயிருப்ப.’

‘நான் உங்களுக்குப் போன் பண்ணலை’ என்றேன். ‘பின்னாடி ஏறுங்க.’

மலர் அதற்குள் முன்சீட்டில் ஏறி பெல்ட்டே போட்டுவிட்டாள். சாவியைத் திருப்பினேன். ஒரு உலுக்கல் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காயில் 1,900, வெல்டிங் 300, கூலி 600 ஆனது. என்ஜின் லைட் மின்னினால் உடனே நிறுத்துங்கள். நான் ஓட்டினேன், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அடுத்த சர்வீஸில் காயில் போல்ட்டுகளையெல்லாம் ஒரு தடவை கழற்றி மாட்டச் சொல்லுங்கள். முறிந்துவிட்டால் பதறவேண்டாம், டேக்குக் கட்டுகிற வேலைக்கும் தலையாட்ட வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி இன்னும் அறுபது கிலோமீட்டர் இருக்கிறது. நாங்கள் செய்ததுபோல் சாயங்காலம் மலையேறித் தரிசனம் செய்தால் வெயில் படுத்தாது.

என் வீட்டுக்காரர் கடைசியில் என்னதான் சொன்னார் என்று கேட்பீர்கள். ரெட்டியார்சத்திரம் வரைக்கும் பின்சீட்டிலிருந்து ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் குறட்டைதான் கேட்டது.