கடல் எந்தப் பக்கம் போகிறது

மச்சானைத் தேடுவதென்று வந்தபோது ஊரே கிழக்கைத்தான் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? கல்முனைக் கரையில் நின்றால் கடல் கிழக்கே மட்டும்தான். மேற்கே திரும்பினால் கடைத்தெரு, அதற்கப்பால் வயல். கடலில் தொலைந்த மனிசனை வயல் பக்கம் தேடச் சொன்னால் விசர், பைத்தியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்? அப்படிச் சொன்ன விசரி நான்தான்.

சூறாவளி அடித்து ஒரு மூன்று மாரி கழிந்த காலம் அது. மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், ஆகவே ஆறு வருசமாக எங்கள் வீட்டுச் சோறுதான். கறியில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாய் திறக்க மாட்டார். என்னை மட்டும் விடமாட்டார். சாமான் சுற்றி வருகிற கடதாசியைக்கூட நான் விரித்துப் படிக்கிறவள் என்பதால், "பேப்பர்காரி, இண்டைக்கு உலகத்தில என்ன புதினம்?" என்று கேட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார்.

பெரியநீலாவணைக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து சின்ன மிசின் போட்டு, எஞ்சின் பூட்டிய படகு, ஒன்று வைத்திருந்தார். மழை இறுக முந்தி கடைசியாக ஒரு தரம் சூரை மீன் பார்த்து வருவம் என்று இரண்டு பேரும் விடியப் போனார்கள். பின்னேரம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வாடைக் காற்று எழும்பி, தேடப் போன போட்டுகளும் வெறுங்கையோடு திரும்பிவிட்டன.

"மிசின் நிண்டிருக்கும். நிண்டா அந்தமான் பக்கம்தான் இழுத்திருக்கும்" என்று கரையில் சொன்னார்கள். வாப்பா அதிகாரிகளுக்கு ஒரு மனுக் கொடுத்தார். எழுதியது நான். அந்தமான், பர்மா என்று இரண்டு இடங்களையும் எழுதும்போதுதான் எனக்கு ஒரு விசயம் இடறியது.

ஒவ்வொரு மாரியிலும் எங்கள் கரையில் மூங்கில் ஒதுங்கும். தொடை மொத்தம், அத்தனை தடிப்பாக இருக்கும். இந்தப் பக்கம் அந்த மொத்தத்தில் எங்கேயும் மூங்கில் முளைக்காது. அதை வெட்டிக் கோழிக்கூடு அடிக்கிறவர்களே, "இது பர்மா மூங்கில்" என்று சொல்லித்தான் அடிப்பார்கள். அங்கேயிருந்து மூங்கில் இங்கே வருகிற காலத்தில், இங்கேயிருந்து மச்சான் அங்கே எப்படிப் போவார்?

வாப்பாவிடம் கேட்டேன். "நீ கேக்கிறது சரிதான் மகள். அப்ப கடல் எந்தப் பக்கம் போகுது?" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உயர்தரப் பரீட்சையில் புவியியல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா கிடந்த காலம். தேசப்படப் புத்தகத்தை எடுத்தேன். அதில் கடல் நீரோட்டத்துக்கு இரண்டு பக்கம். ஒன்று தை மாதத்துக்கு, மற்றது ஆடிக்கு. தை மாதப் பக்கத்தில் எறும்பு நீளத்துக்கு ஓர் அம்பு. அது இந்தியாவின் கிழக்கோரமாக இறங்கி, எங்கள் கரையை உரசிக்கொண்டு தெற்கே போய், மாத்தறைக்குக் கீழே திரும்பி, மேற்கே ஓடியது. அம்பின் மூக்குக்கு முன்னால் மாலைதீவு.

அந்தப் புள்ளிகளை அதுவரை அச்சுக்காரன் மை தெறிக்கவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வாப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி மேலே பிடித்துப் பார்த்தால், அடேயப்பா! அவை புள்ளிகளே இல்லை. வளையங்கள். பொடிப்பொடித் தீவுகள் வட்டமாகக் குந்தியிருக்கின்றன, வட்டத்துக்கு உள்ளேயும் கடல், வெளியேயும் கடல். முன்வாசலில் ஒரு கடல், பின்வாசலில் ஒரு கடல் வைத்துக்கொண்டு அந்தச் சனம் எப்படி நித்திரை கொள்ளும்? குடிக்கிற தண்ணீருக்கு எங்கே கிணறு தோண்டும்? வயல் இல்லாத ஊரில் சோற்றுக்கு என்ன செய்யும்? வீட்டில் ஒரு மனிசனைக் காணவில்லை, நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை தீவு எண்ணிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் அது மெய்.

ராத்தா அம்பைப் பார்த்தார். "இத கீறினவனுக்கு நம்மட கடல் தெரியுமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆகவே பன்னிரண்டு காய்ந்த தேங்காய்களுக்குத் தாரால் வட்டம் போட்டு, மழை விட்ட ஒரு நாள் கடலுக்கு இறங்கிய போட்டுக்காரரிடம் கொடுத்து, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் போடச் சொன்னேன். கரையே சிரித்தது. "வாப்பாட தேங்காயெல்லாம் கடலுக்கு, வாப்பாக்குச் சம்பல் இல்ல" என்று பாட்டுக் கட்டாத குறை. சிரிக்கட்டும். வாப்பாவுக்குச் சாரன், கைலி வியாபாரம். கிழமைக்கு ஒரு தரம் தெற்கே பொத்துவில் வரைக்கும் போவார், போகிற இடமெல்லாம் விசாரித்தார். இரண்டு கிழமைக்குள் திருக்கோவில் கரையில் ஒரு தேங்காய், பொத்துவிலில் இரண்டு. வடக்கே பெரியநீலாவணைக் கரையை மச்சானின் கூட்டாளியுடைய தம்பி ஒவ்வொரு நாளும் பார்த்தார். அங்கே ஒன்றுகூட ஒதுங்கவில்லை.

அன்றைக்கு ராத்தா குளித்து, தலை வாரி, நல்ல சீலை உடுத்தார். "அப்ப அவர் இரிக்கார்" என்றார்.

நான் சொன்னது எந்தப் பக்கம் என்று மட்டும்தான். இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. அதை அந்த இடத்திலேயே திருத்தியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாய்க்காரி என்று பெயர் வாங்கியவள் மூடக் கூடாத நேரத்தில் மூடினேன்.

நாற்பதாம் நாள் மச்சானின் உம்மா வந்தார். மாமிக்கு அவர் கடைசிப் பிள்ளை. வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நாப்பது நாளாச்சு. என்ட புள்ளைக்கு ஒரு யாசீன் ஓதல்ல, ஒரு கத்தம் குடுக்கல்ல. இவ கலர் சீல உடுத்துத் திரியிறா. இவள இத்தா இருக்க வைங்க" என்றார். மாப்பிள்ளை மௌத்தானால் பொஞ்சாதி நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, பிற ஆண்களின் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள் இருப்பதுதான் இத்தா.

"அவ வெள்ள உடுத்தா, அவர மௌத்தாக்கினது நாமதான் மாமி" என்றேன்.

உம்மா என் வாயில் அடிக்க வந்தார். மாமி எழும்பிப் போய்விட்டார். அதோடு பல மாதம் எங்கள் வாசலும் மிதிக்கவில்லை, என்னோடு ஒரு சொல் கதைக்கவும் இல்லை. அவர் கேட்டதில் என்ன பிழை? பிள்ளைக்கு ஓத வேண்டும் என்றுதானே கேட்டார். இது எனக்கு இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் அம்பும் தேங்காயும்தான்.

வழக்கு மௌலவியிடம் போனது. "மௌத்து உறுதியாகாம இத்தா இல்ல" என்று அவர் ஒரே சொல்லில் முடித்தார். அப்படியென்றால் ராத்தா கைம்பெண்ணா, பொஞ்சாதியா என்பது எங்கேயோ இருந்து வர வேண்டிய ஒரு செய்தியில் தொங்கியது. அதை யார் கேட்டனுப்புவது?

நான்தான் மௌலவியிடம் கேட்டேன். "மாலைதீவுச் சனத்துக்குத் தமிழ் தெரியா. அவங்கட பாச நமக்குத் தெரியா. ஆனா தீவுக்கு ஒரு பள்ளிவாசல் இரிக்கும், பள்ளிக்குத் தொழுவிக்க ஒரு கதீப் இரிப்பார், அவருக்கு அரபு தெரியாமலா?" மௌலவி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பேனையைக் கொண்டு வரச் சொன்னார்.

எந்தத் தீவு என்று தெரியாததால், கடிதத்தைக் கண்ணுறும் கதீபுக்கு என்று தொடங்கினார். நீல நிறப் போட்டு, இரண்டு ஆண்கள், ஒருவருக்கு, அது மச்சானுக்கு, இடப் புருவத்தில் தழும்பு. குர்ஆன் ஓதியதால் எனக்கு அரபெழுத்துக் கை வரும், அர்த்தம் வராது. விளங்காத ஒன்பது கடிதங்களை நான் ஒரு புள்ளி பிசகாமல் பார்த்தெழுதினேன். சந்தையடி மாசிக் கருவாட்டுக் கடை முதலாளி கொழும்புக்குப் போகும்போது அவற்றைக் கொண்டு போனார். மாசி ஏற்றி வருகிற மாலைதீவுக் கப்பல்காரர் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

பிறகு காத்திருப்புத்தான். மாலைதீவு பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். வாடையில் அங்கே போகிற பாய்க்கப்பல், மேற்கேயிருந்து கச்சான் காற்று பிறந்தால்தான் இங்கே திரும்பும் என்று மாசிக்கடை முதலாளி சொன்னார். இப்போது மிசின் கப்பல்கள் வந்துவிட்டாலும் சின்னத் தீவுகளில் இன்னும் அப்படித்தானாம். "அப்ப கச்சானுக்குத்தான் பதில் வரும்" என்று ராத்தாவிடம் சொன்னேன். அதுவரைக்கும் அவரை மூலையில் குந்த விடவில்லை. "உயிரோட இரிக்கிற மனிசன்ட பொஞ்சாதி வீட்டுக்குள்ள அடைஞ்சி கிடக்கலாமா?" என்று கலியாண வீடுகளுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனேன். அவரும் வந்தார், சிரித்தார், மருதாணிகூடப் போட்டார்.

மாரி போய், தரைப் பக்கமிருந்து கச்சான் சுடச்சுட அடிக்கத் தொடங்கிச் சில நாளில் பதில் வந்தது. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு மாசிக்கடை முதலாளியே கொண்டு வந்தார். மௌலவிக்கு ஆள் போனது, மாமிக்கும் போனது. மௌலவி முதலில் மனதுக்குள் வாசித்தார். ராத்தா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். பிறகு மௌலவி மெதுவாகத் தமிழில் சொன்னார்.

கடிதம் ஐந்து தீவு சுற்றி அவர்களிடம் வந்ததாம். மழைக் காலத்தில் நீலப் போட்டு ஒன்று அவர்கள் கரைக்கு வந்ததாம். அதில் ஒருவர்தான் இருந்தாராம், இடப் புருவத்தில் தழும்பு. அவர் கதைத்தது யாருக்கும் விளங்கவில்லை. பாத்திஹா ஓதிக் காட்டினார், முஸ்லிம் என்று அறிந்துகொண்டார்கள். இரண்டு விரலைக் காட்டி ஒன்றை மடக்கினார், கூட வந்தவர் கடலில் போய்விட்டார் என்று விளங்கியது. எட்டு நாள் கதீபின் வீட்டில் கிடந்து கஞ்சி குடித்தார். ஒன்பதாம் நாள் விடியச் சுபஹுக்கு முந்தி மௌத்தானார். தொழுவித்து, பள்ளிக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். யார் பெற்ற பிள்ளை, யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் இவ்வளவு நாளும் துயரப்பட்டோம் என்று எழுதியிருந்தார்கள். மௌத்தான நாளைப் பிறைக் கணக்கில் குறித்திருந்தார்கள்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அதைக் கேட்டு எனக்குள் முதலில் எழும்பியது, நான் சொன்ன பக்கம்தான் என்ற நினைப்பு. அதற்குப் பிறகுதான் மச்சான்.

மாமி குரலெடுத்து அழுதார். மற்றக் குடும்பத்துக்குச் சொல்ல வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியநீலாவணைக்குப் போனார். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மௌலவி, புள்ளய இண்டைக்கே இத்தா வைக்கணுமா?" என்று கேட்டார்.

மௌலவி விரல் மடித்து எண்ணினார். ஒரு தரம் எண்ணி, திரும்பவும் எண்ணினார். "மௌத்தான நாளில இருந்துதான் கணக்கு, செய்தி வந்த நாளில இருந்தில்ல. நாலு மாசம் பத்து நாள் முடிஞ்சி இண்டைக்கு ஒம்பது நாள். மகள் இத்தா இருக்கத் தேவல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றுகூடச் சொன்னார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தா கேட்டார். "அந்த நாலு மாசமும் நான் கலர் உடுத்து, மருதாணி போட்டு, கலியாணச் சோறு திண்டு சிரிச்சித் திரிஞ்சன். அதுவா என்ட இத்தா?"

மௌலவி கடிதத்தை மடித்து வைத்தார்.

"அப்ப நான் எப்ப அழுற?" என்றார் ராத்தா.

மாமிதான் எழும்பினார். திரைச்சீலையை விலக்கி ராத்தாவின் கையைப் பிடித்தார். "வா மகள். மௌலவிக்குக் கணக்கு முடிஞ்சிட்டு. நமக்கு இண்டைக்குத்தான் தொடங்குது" என்று சொல்லி அறைக்குள் கூட்டிப் போய் அவரே பாயை விரித்தார். ராத்தாவின் சத்தம் அப்போதுதான் வெளியே வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நான் கதவடியில் நின்றேன். உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. கதவைச் சாத்த வந்த மாமி என்னைக் கண்டு நின்றார். நாலரை மாதமாக என் முகம் பார்க்காதவர், ஒரு கை கதவில் இருக்க என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பாத்துக்கு நிக்கிறாய்? உள்ளுக்கு வா" என்றார்.