அக்காவுக்குப் போட்ட இன்லண்டு கடிதம்

ஒன்பது வயதிலேயே எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அக்கா மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்று என் மடியில்தான் அவளை உட்கார வைத்தார்கள். வலியில் அவள் வீறிட்டாள். நானும் சேர்ந்து அழுதேன். "பொண்டாட்டி அழுதா இப்பவே தாங்க மாட்டேங்கறான்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா மட்டும் அதை முடிவாகவே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது சாதாரணம். சொந்தம் விட்டு அசலில் பெண் கொடுத்தால்தான் அதிசயம். எண்பதுகளின் கடைசியில் நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, வெளியூர்க்காரர்கள் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். அவர்கள்தான் என் மனசைக் கலைத்தார்கள் என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். அதெல்லாம் இல்லை. இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளையை மனைவியாக நினைக்க எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அவள். அவளும் இல்லையென்றால் எனக்கு வீடென்று ஒன்று கிடையாது.

நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கெலமங்கலத்துக்கு இன்லண்டு கடிதம் எழுதினேன். பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் அவள் மகள்தான் படித்துக் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அக்கா களித்தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "தொரைய சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றிய மகள் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா நம்பவே இல்ல மாமா. ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனேன்."

"உனக்கு வருத்தமில்லையா?"

"நீங்க எழுதலைன்னா நானே எழுதியிருப்பேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது உள்ளே கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு வருடம் அக்கா என்னிடம் நேராகப் பேசவே இல்லை.

அடுத்த தையில் அக்கா மகளுக்குச் சூளகிரியில் ஓர் இடம் அமைந்தது. எங்கள் குடும்பத்தில் அசலில் கொடுத்த முதல் பெண் அவள்தான். இந்தத் தடவை அக்கா முதலில் மகளைக் கேட்டுவிட்டுத்தான் தட்டு மாற்றினாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணை மணவறைக்குக் கைப்பிடித்துக் கூட்டி வருவது தாய்மாமன் முறை. எங்கள் சண்டை ஊருக்கே தெரியும் என்பதால், பங்காளிப் பையன் ஒருவனை அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா விறுவிறுவென்று வந்து என் முன்னால் நின்றாள்.

"மாப்ளையா வரமாட்டேன்னுதான எழுதுன? மாமனா வரமாட்டேன்னா எழுதுன? எந்திரிடா."

எழுந்து போய் அவள் மகளின் கையைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை அழுதது நான் மட்டும்தான்.